புவனேஸ்வரனின் வலது காது

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அலுவலகத்தின் முதல் அழைப்பு வந்தது. புவனேஸ்வரன் ரிசீவரை எடுத்து வழக்கம்போல வலது காதில் வைத்தான். மறுமுனையில் சத்தமே இல்லை. இரண்டு முறை "ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். உடனே மறுபடி மணி அடித்தது. மறுபடியும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது வலது கையில் தேநீர்க் கோப்பை இருந்ததால் இடது கையால் எடுத்து இடது காதில் வைத்தான். ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன லா அண்ணே, எடுத்து எடுத்து வைக்கிறீங்க? நான் தாசேக் கெலுகோர் ஸ்டோர்ல இருந்து பேசறேன்!"

மன்னிப்புக் கேட்டு இணைப்பை மாற்றிக் கொடுத்தான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு வலது காதருகே விரல்களைச் சொடுக்கிப் பார்த்தான். சொடுக்கு கேட்கவில்லை. எங்கோ தூரத்தில் கெட்டில் கொதிப்பது போல ஒரு விசில் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தபோதே காது அடைத்த மாதிரி இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்திருந்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஜுருவில் ஒரு கார் பேட்டரி பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவன் அவன். அப்போது இருபத்தொன்பது வயது. சார்ஜில் போட்டிருந்த பேட்டரி ஒன்று வெடித்து, அமிலம் இரண்டு கண்களிலும் அடித்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டாக்டர்கள் ஒவ்வொரு வாரமும் "பார்ப்போம்" என்றார்கள். ஒருநாள் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தொலைபேசி இணைப்பாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்து, பினாங்கு வெல்ட் கீயில் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கப்பல் அலுவலகத்தில் சேர்ந்தான்.

கண் போனபின் அவன் உலகம் முழுவதும் காதுக்குள் குடிவந்திருந்தது. பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கிறது, எதிரே வருபவர் வழிவிடுவாரா, மனைவி ஜெயலெட்சுமி எந்த மனநிலையில் அரிசி களைகிறாள், எல்லாவற்றையும் இரண்டு காதுகள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அன்று வேலைக்கு வரவில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் பீச் ஸ்திரீட்டைக் கடக்கும்போது இடதுபக்கம் மோட்டார் சைக்கிள் வருவதாக நினைத்து நின்றான். அது வலதுபக்கம் வந்தது. கையிலிருந்த வெள்ளைக்கோலைத் தட்டிவிட்டுப் போனது. யாரோ ஒருவர் கோலைப் பொறுக்கிக் கையில் கொடுத்து, "பார்த்து ஐயா" என்றார். புவனேஸ்வரன் கோலை இறுகப் பிடித்தான். ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது என்பதை அந்த ஒரு நொடியில் கற்றுக்கொண்டான்.

அன்று மாலை ஆறு மணிக்குப் பயிற்சி இருந்தது.

பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆட்டத்தில் பினாங்கு அணியின் நடு ஆட்டக்காரன் அவன். அணிக்கு மூன்று பேர். கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லோரும் முகத்தில் கறுப்பு மறைப்பு கட்டிக்கொள்ள வேண்டும். பந்துக்குள் மணிகள் இருக்கும். எதிரணி அதைத் தரையோடு உருட்டி வீசும். ஒன்பது மீட்டர் அகலக் கோலை மூன்று பேரும் பாய்ந்து படுத்து உடம்பால் மறிக்க வேண்டும். மணிச்சத்தம்தான் பந்து. அதனால் பார்வையாளர் யாரும் இருமக்கூட முடியாது.

இடது ஓரம் ஹாரிஸ். பிறவியிலேயே பார்வை இல்லாதவன், புவனேஸ்வரனின் வயதுதான். அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் வெங்காயம் உரிப்பதிலிருந்து ஆர்டர் எடுப்பது வரை எல்லாம் செய்வான். வலது ஓரம் ஹைக்கல், இருபத்து நான்கு வயது, கல்லைப் போல வீசுபவன். பயிற்சி கொடுப்பவர் குமுதா டீச்சர், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இன்னும் பதினோரு நாளில், அடுத்த வாரச் சனிக்கிழமை, கோலாலம்பூரில் தேசியப் போட்டி.

அன்று புவனேஸ்வரனின் வலதுபக்கமாக நான்கு பந்துகள் உள்ளே போயின. "தூக்கம் சரியில்ல டீச்சர்" என்று சமாளித்தான். வியாழக்கிழமை பயிற்சியிலும் இரண்டு பந்து போனது. மூன்றாவது பந்து வரும்போது தரையில் ஊன்றியிருந்த அவனுடைய இடது உள்ளங்கையில் இரண்டு அதிர்வுகள் வந்தன. டக், டக். யோசிக்காமல் வலதுபக்கம் பாய்ந்தான். பந்து வயிற்றில் வந்து மோதியது. அடுத்த பந்துக்கு ஒரே ஒரு தட்டு. இடதுபக்கம் பாய்ந்தான். அங்கேதான் இருந்தது பந்து.

தட்டியது ஹாரிஸ். தற்காக்கும் அணி தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், தட்டிக் காட்டலாம். அது விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் எட்டு வருடத்தில் ஹாரிஸ் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. தேவைப்பட்டதில்லை.

புவனேஸ்வரன் கேட்கவில்லை. ஹாரிஸும் சொல்லவில்லை. குமுதா டீச்சர் "இன்னைக்கு நல்லா இருக்கு புவன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி முடிந்ததும் ஹைக்கல் கிளம்பிவிட்டான். புவனேஸ்வரன் படிக்கட்டில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது ஹாரிஸ் அவனுடைய இடதுபக்கமாக வந்து உட்கார்ந்தான்.

"எப்ப இருந்து டா?"

"என்னது?"

"நடிக்காத லா. புதன்கிழமை பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனோமே, உன் வலது பக்கம் நின்னுகிட்டு மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ பதிலே சொல்லல. மூணு தடவ, புவன்."

புவனேஸ்வரன் நாடாவை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான்.

"செவ்வாய்க்கிழமைல இருந்து."

"ஜெயாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை போட்டி முடியட்டும். திங்கக்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"எங்க தங்கச்சி ஷஹீதா ஆஸ்பத்திரியில நர்ஸு. உன் பேரச் சொல்லாம கேட்டேன். இந்த மாதிரி திடீர்னு போச்சுன்னா ஒவ்வொரு நாளும் கணக்காம். ரெண்டு வாரம் தாண்டிச்சுன்னா மருந்து போட்டும் பிரயோஜனம் இல்லங்குறா. நீ சொல்ற திங்கக்கிழமை எத்தனாவது நாள்னு எண்ணிப் பாரு."

"நீ தட்டு. நான் ஆடறேன். இத்தன நாளு சரியாத்தானே இருந்துச்சு?"

"தட்டினது தப்பு" என்றான் ஹாரிஸ். "உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சுத் தட்டினேன். நேத்து தொழுதுட்டு உட்கார்ந்திருந்தப்பதான் புரிஞ்சுது. உன் காது சாகறதுக்கு நான் தொணைக்கு நின்னுக்கிட்டு இருக்கேன்."

"ஹாரிஸ், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"அது முடியாது."

"சத்தியம் பண்ணு டா!"

"நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் உனக்கு டைம். நீயா ஜெயாகிட்ட சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்." அவன் எழுந்து போன சத்தம் இடதுபக்கம் கேட்டுத் தேய்ந்து மறைந்தது.

அன்று முழுவதும் ஜெயலெட்சுமி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். புவனேஸ்வரன் பத்து முறையாவது வாயைத் திறந்திருப்பான். ஒவ்வொரு முறையும் "உப்பு பத்தல", "ஃபேனைக் கூட்டு" என்று வேறு ஏதோ வந்தது. அவன் பயந்தது போட்டிக்காக அல்ல. சொல்லிவிட்டால் மறுபடி ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து "பார்ப்போம்" என்பார். அந்த வார்த்தையின் முடிவு எங்கே என்று அவனுக்குத் தெரியும். வலது காதைத் தொடர்ந்து இடது காதும் போனால்? இருட்டோடு வாழப் பழகிவிட்டான். இருட்டோடு நிசப்தமும் சேர்ந்தால் அதற்குள் மனிதன் எப்படி இருப்பான்? ஜெயலெட்சுமி அவனை எப்படிக் கூப்பிடுவாள்?

திங்கட்கிழமை பேசும் கடிகாரத்தை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது ஐம்பது. ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்து ஐந்து. ஹாரிஸ் வெறும் மிரட்டலாகச் சொல்லியிருப்பான் என்று தோன்றத் தொடங்கியபோது, பத்து நாற்பதுக்கு அலுவலகக் கண்ணாடிக் கதவு திறந்தது. ஜெயலெட்சுமியின் செருப்புச் சத்தம். கூடவே ஒரு விளையாட்டுக் காலணியின் கிறீச். குமுதா டீச்சர்.

"கெளம்புங்க" என்றாள் ஜெயலெட்சுமி. "காடி வெளியில நிக்குது."

"ஜெயா, நான் சொல்லலாம்னுதான்..."

"ஏழு நாளுங்க. ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிட்டோம்."

காரில் ஏறியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "இனிமே அவன் என் மூஞ்சில முழிக்கக்கூடாது." இரண்டு பார்வையற்றவர்களைப் பற்றி இப்படிச் சொல்கிறோமே என்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. டீச்சர் வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தான். வலது காதுக்கு மாறியதும் விரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. ரொம்ப நேரம் கிடந்தது. கடைசியில் ஒரே ஒருமுறை அழுத்தினான். அதுகூட நிஜமாகக் கேட்டுத்தான் அழுத்தினானா என்று தெரியவில்லை.

டாக்டர் காமினி சுற்றி வளைக்கவில்லை.

"இன்னைக்கு ஏழாவது நாள். ஸ்டீராய்டு மாத்திரை உடனே ஆரம்பிக்கணும். கூடவே வாரத்துக்கு ஒரு ஊசி, செவிப்பறை வழியா, மூணு வாரம். இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா இத நான் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"சனிக்கிழமை போட்டி இருக்கு டாக்டர்."

"இந்த மாத்திரை சாப்பிட்டுட்டு ஆடறதுக்கு உங்க ஆட்டத்துல விதி இடம் கொடுக்காது. ஊசி போட்ட காதுல பந்து பட்டாலும் ஆபத்து. போட்டியா காதா, நீங்களே சொல்லுங்க."

"திரும்பி வருமா?"

"மூணுல ரெண்டு பேருக்குக் கொஞ்சமாவது வருது. உங்களுக்கு எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. இடது காது நல்லா இருக்கு."

அவர் "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. அதற்காகவே புவனேஸ்வரன் தலையாட்டினான். ஊசிக்குப் படுக்கவைத்தபோது ஜெயலெட்சுமி கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். விபத்துக்குப் பிறகு அவன் முருகனோடு பேசுவதை விட்டிருந்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம்கூடப் போனதில்லை. வீட்டில் அவள் பூச வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்று திருப்பவில்லை.

சனிக்கிழமை அணி அவன் இல்லாமல் கோலாலம்பூர் போனது. நடுவில் சந்திரசேகரன் ஆடினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். புவனேஸ்வரன் வீட்டில் கைப்பேசியை இடதுபக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரையால் படபடப்பு வேறு. மதியம் ஹைக்கல் செய்தி அனுப்பினான். ஜெயலெட்சுமி படித்தாள்: ஒன்பதுக்கு இரண்டு. மாலையில் இன்னொன்று: பத்துக்கு மூன்று. அவ்வளவுதான். வெளியேறிவிட்டார்கள்.

மறுநாள் பிற்பகல் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வலது தோளில் ஒரு கை பட்டது. திடுக்கிட்டுத் துள்ளினான். யாரும் வந்ததே தெரியவில்லை.

"ஹாரிஸ் அண்ணன் வந்திருக்காரு" என்றாள் ஜெயலெட்சுமி. "பஸ்ஸை விட்டு எறங்கி பையோட நேரா இங்க வந்துட்டாரு."

ஹாரிஸ் நாற்காலியைத் தடவிச் சுற்றி வந்து இடதுபக்கம் தரையில் உட்கார்ந்தான்.

"தோத்துட்டோம்" என்றான் ஹாரிஸ்.

"தெரியும்."

"சந்திரன் அண்ணனைக் கொற சொல்லாத. நல்லாத்தான் பாய்ஞ்சாரு. பாய்ஞ்சு முடிக்கறதுக்குள்ள பந்து போயிருது."

புவனேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"நீ என்னோட பேசாம போனாலும் போவேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். பேசாத புவன் பரவால்ல. நான் பேசறது கேக்காத புவன் எனக்கு வேணாம்."

"எனக்காக தொழுதியா?"

"தெனமும்."

"என்ன கேட்ட?"

"காது வரணும்னு கேட்டேன். கோவம் போகணும்னும் கேட்டேன். ரெண்டுல ஒண்ணாவது சீக்கிரம் நடக்கட்டும்னேன்."

ஜெயலெட்சுமி மூன்று குவளை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். புவனேஸ்வரன் ஒன்றைத் தடவி எடுத்து ஹாரிஸின் கையில் கொடுத்தான்.

மூன்று ஊசிக்குப் பிறகு பாதி வந்தது. லாரி உறுமல், ஆண்குரல், கதவு மூடும் சத்தம் எல்லாம் வலது காதுக்குத் திரும்பின. மெல்லிய சத்தங்கள் வரவேயில்லை. பந்துக்குள் இருக்கும் மணி மெல்லிய சத்தம். பயிற்சி மண்டபத்தில் குமுதா டீச்சர் உருட்டிவிட்ட பந்து, புவனேஸ்வரனுக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வந்தது.

"நடுவுல இவரால முடியாது" என்றார் டீச்சர் வெளிப்படையாக. "ஆனா வலது ஓரத்துல படுத்தா கோல் முழுக்க இவரோட இடது பக்கம் வந்துரும். நல்ல காது அந்தப் பக்கம் இருக்கும். நடுவுல இருக்கிறவர் திசை சொல்லணும்."

"நடுவுக்கு நான் வரேன்" என்றான் ஹாரிஸ் உடனே. "எட்டு வருஷமா ஓரத்துல படுத்து எனக்கும் போரடிக்குது."

அப்படியானால் ஹைக்கல் இடது ஓரம் போக வேண்டும். தேசிய அணிக்கு வலது ஓர ஆட்டக்காரனாக அவன் பெயர் பேச்சில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். இடம் மாறியதும் அவன் வீச்சு கெட்டது. பத்துக்கு ஆறு பந்து கோட்டுக்கு வெளியே போனது. மூன்று மாதம் கழித்து, தேசிய அணிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை என்று தெரிந்த அன்று, புவனேஸ்வரன் தன் முகமறைப்பைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தான்.

"போதும் டீச்சர். என் ஒரு காதுக்காக ரெண்டு பேரு வாழ்க்கையக் கெடுக்க வேணாம்."

"இத என்கிட்ட ஏன் கொடுக்கறீங்க? அவன் இங்கதான் நிக்கிறான். அவன்கிட்ட சொல்லுங்க."

ஹைக்கல் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்தினான். "அண்ணே, எனக்கு வருத்தம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நேத்து வீட்டுல அழுதேன். ஆனா நீங்க போனா நானும் வரமாட்டேன். அப்புறம் டீச்சர் தனியா ஆடட்டும்."

"எனக்கு முட்டி வலி" என்றார் டீச்சர்.

முகமறைப்பை மறுபடி கட்டிக்கொண்டான். வீட்டில் ஜெயலெட்சுமி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே அறையின் மூலைக்கு மூலை நடந்தாள். அவன் கையை நீட்டித் திசை காட்ட வேண்டும். முதல் மாதம் பெரும்பாலும் தப்பு. "சும்மா ஒரு கையக் காட்றீங்களா?" என்று அவளுக்கே எரிச்சல் வரும். முகத்தை வலதுபக்கம் திருப்பி, இடது காதை முன்னால் கொண்டுவந்து கேட்டால் கொஞ்சம் பிடிபடுகிறது என்று ஹாரிஸ்தான் கண்டுபிடித்தான். அதைக் கண்டுபிடிக்கத் தன் வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு வாரம் கடையில் வேலை பார்த்திருக்கிறான். மூன்று ஆர்டரை மாற்றிக் கொடுத்து அண்ணனிடம் திட்டு வாங்கியிருக்கிறான்.

அடுத்த வருடப் போட்டி ஈப்போவில் நடந்தது. அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடத்துக்கு ஜொகூர் அணியோடு ஆடினார்கள். ஆட்டம் முடிய ஐம்பது நொடி இருந்தபோது பினாங்கு நான்குக்கு மூன்று என்று முன்னால் இருந்தது. ஹாரிஸ் ஓயாமல் திசை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தான். புவனேஸ்வரனின் முகமறைப்புக்குள் வியர்வை இறங்கி அரித்தது. யோசிக்காமல் கை மேலே போனது.

விசில் அடித்தது. நடுவரிடம் கேட்காமல் மறைப்பைத் தொட்டால் பெனால்டி. தவறு செய்தவன் மட்டும் தனியாக நின்று ஒன்பது மீட்டர் கோலையும் காக்க வேண்டும்.

ஹாரிஸும் ஹைக்கலும் களத்தை விட்டு வெளியேற வேண்டும். போகும்போது ஹாரிஸ் அவனுடைய இடது தோளை அழுத்தினான். "மொகத்தத் திருப்பு" என்றான். அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது.

புவனேஸ்வரன் தரையில் தடவி, ஒட்டுநாடாவுக்கு அடியில் ஓடும் கயிற்றைக் கண்டுபிடித்து நடுவில் நின்றான். எட்டு வருடம் நின்ற இடம். இப்போது இரண்டு பக்கமும் காலி. மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. வலது காதுக்குள் அந்தக் கெட்டில் விசில் மட்டும் ஓடியது. வாய்க்குள் "முருகா" என்றான். பத்து வருடத்துக்குப் பிறகு. எதையும் கேட்கத் தோன்றவில்லை. கூப்பிட மட்டும் தோன்றியது.

முகத்தை வலதுபக்கம் திருப்பினான். எதிரே காலடிகள் ஓடிவந்தன. மணி குலுங்கியது. நடுவிலா? இல்லை, சத்தம் மெலிகிறது, கெட்ட காதின் பக்கம் நழுவுகிறது. வலதுபக்கம் பாய்ந்து, கைகளை நீட்டி, உடம்பை முழு நீளத்துக்கும் எறிந்தான். விரல்களில் ஒன்றும் படவில்லை. அப்புறம் குதிகாலில் ஏதோ சுள்ளென்று அடித்தது. பந்து பட்டுவிட்டது. ஆனால் எங்கே போனது? மணிச்சத்தம் பின்பக்கம் போய் அணைந்துபோனது. அவன் முகம் தரையில் கிடந்தது.

கோல் என்றால் விசில் இரண்டு முறை. இல்லை என்றால் ஒருமுறை.

ஒன்று அடித்தது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டாவது வரவில்லை. இன்னும் காத்திருந்தான். தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று பயந்து தலையைத் தூக்கியபோது இரண்டு பேர் மேலே வந்து விழுந்தார்கள்.

"கம்பத்துக்கு வெளியில போச்சுண்ணே! ஒரு சாண்!" என்று ஹைக்கல் அவனுடைய இடது காதிலேயே கத்தினான். "டீச்சர் சொல்றாங்க, ஒரே ஒரு சாண்!"

"கத்தாத டா, இருக்கிறது அந்த ஒரு காதுதான்" என்றான் புவனேஸ்வரன்.

நடுவர் அவர்களைப் பிரித்து நிற்கவைத்தார். மீதி நொடிகளில் ஜொகூர் அணி வீசிய இரண்டு பந்துகளை ஹாரிஸ் நெஞ்சால் மறித்தான். நான்குக்கு மூன்று. பினாங்கு அணிக்கு மூன்றாம் இடம்.

திரும்பும் பஸ்ஸில் புவனேஸ்வரன் ஜெயலெட்சுமிக்குப் போன் போட்டான். அவள் ஜெயித்ததைப் பற்றிக் கேட்கும் முன் காதைப் பற்றிக் கேட்டாள். குதிகால்தான் வீங்கியிருக்கிறது என்றான். பின் இருக்கையில் ஹைக்கல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஹாரிஸ் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து ஒன்றை அவன் மடியில் வைத்தான்.

"தனியா நின்னப்ப பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"வெளியில பெஞ்சுல எங்களுக்கு அதவிட மோசம்" என்றான் ஹாரிஸ். "பாய்ஞ்சு விழக்கூட ஒரு பந்து இல்ல. சரி சாப்பிடு, முட்டை ஒடையப் போகுது."